பல்லுறுப்புக் கோவையின் பூச்சியம்: போட்டுப் பார்த்தால் தெரியும்

(நமது அறக்கட்டளையின் மாலை நேர வகுப்பில் 9, 10 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வியின் அவசியம் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். அது தெரியாதவர் யாரும் கடையை மூடிவிட்டும் அடுப்பை அணைத்துவிட்டும் இங்கே வந்து உட்கார மாட்டார்கள். ஆகவே அந்தத் தலைப்பை விட்டுவிடுகிறேன். கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

ஏன் இந்தப் பாடம்? நம் பிள்ளைகள் கணக்கை விட்டு விலகுகிற இடம் பெரும்பாலும் இதுதான். எட்டாம் வகுப்பு வரை வட்டி, விழுக்காடு, பரப்பளவு என்று கடைத்தெருவில் பார்க்கிற விஷயங்கள் வரும். ஒன்பதாம் வகுப்பில் ‘பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்களைக் காண்க’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதன் அர்த்தம் புரியாமலேயே பிள்ளை விடையை மனப்பாடம் செய்கிறது. பத்தாம் வகுப்பில் எப்படியோ பாஸ் ஆகிவிடுகிறது. பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது, “கணக்கு இல்லாத குரூப் போதும் சார்” என்கிறது. பொறியியலும் இன்னும் பல படிப்புகளும் அத்தோடு கைநழுவிப் போகின்றன. அந்தப் பதினைந்து வயதில் எடுக்கும் முடிவுக்குக் காரணம் இந்த ஒரு வாக்கியமாக இருந்தால், அதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும். இன்று நான் ‘ப’ என்று எழுதப்போகிறேன். ப என்றால் பொருள், அதாவது இன்னும் தெரியாத ஓர் எண். பக்தாதில் 9 ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை நூலாக எழுதிய அல்குவாரிஸ்மி, தெரியாத எண்ணை ‘ஷைஃ’ என்றும் குறிப்பிட்டார். ஷைஃ என்றால் பொருள். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரு சமோசா வண்டியில் ஆரம்பிப்போம். வண்டி வாடகையும் கேஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமோசாவுக்கு மாவு, வெங்காயம், எண்ணெய் என்று 6 ரூபாய் ஆகிறது. 10 ரூபாய்க்கு விற்கிறோம். ஒரு சமோசாவுக்கு 4 ரூபாய் நிற்கிறது. ப சமோசா விற்றால் அன்றைய லாபம் 4ப − 600. இதுதான் ஒரு கோவை. 100 விற்றால் 400 − 600, அதாவது 200 ரூபாய் நட்டம். 200 விற்றால் 800 − 600, அதாவது 200 ரூபாய் லாபம். எந்த இடத்தில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை? 150 இல். 4 × 150 − 600 = 0. கடைக்காரர்கள் இதை ‘முதல் தேறிவிட்டது’ என்பார்கள். கணக்குப் புத்தகம் ‘4ப − 600 என்ற கோவையின் பூச்சியம் 150’ என்கிறது. இரண்டும் ஒரே செய்திதான். 150 வரை நீங்கள் விற்றது வண்டிக்காரருக்கும் கேஸுக்கும். 151 ஆவது சமோசாவில்தான் உங்கள் வீட்டுக்கு 4 ரூபாய் வருகிறது.

இங்கேதான் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிறார்கள். “சார், பூச்சியம் என்கிறீர்கள், விடை 150 என்கிறீர்கள். 150 எப்படி சார் பூச்சியம் ஆகும்?” நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற பிள்ளை நன்றாக யோசிக்கிற பிள்ளை. 150 பூச்சியம் அல்ல. 150 ஐப் போட்டால் கோவையின் மதிப்பு பூச்சியம் ஆகிறது. ‘கோவையைப் பூச்சியமாக்கும் எண்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கி, ‘கோவையின் பூச்சியம்’ என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். சமன்பாடாக எழுதி 4ப − 600 = 0 என்று போட்டால், அதே 150 ஐ ‘மூலம்’ என்று அழைப்போம். கோவைக்குப் பூச்சியம், சமன்பாட்டுக்கு மூலம். ஆள் ஒன்று, பெயர் இரண்டு.

இனி அடுத்த படி. உங்களிடம் 100 அடி வேலிக்கம்பி இருக்கிறது. செவ்வகமாக ஓர் இடத்தை வளைக்க வேண்டும். உள்ளே 600 சதுர அடி வர வேண்டும். நீளம் என்ன, அகலம் என்ன? சுற்றளவு 100 என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து 50. ஒரு பக்கம் ப என்றால் மறுபக்கம் 50 − ப. பரப்பளவு ப(50 − ப) = 600. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் ப² − 50ப + 600 = 0. இருபடிக் கோவை. இதன் பூச்சியங்கள் 20, 30. போட்டுப் பாருங்கள்: 400 − 1000 + 600 = 0. 900 − 1500 + 600 = 0. 20 அடி அகலம், 30 அடி நீளம். இரண்டு பூச்சியங்கள் வந்தன, இரண்டும் ஒரே வேலியின் இரண்டு பக்கங்கள்.

அந்த இரண்டையும் கூட்டினால் 50, பெருக்கினால் 600. கோவையைத் திரும்பப் பாருங்கள். நடுவில் 50, கடைசியில் 600. ‘பூச்சியங்களின் கூடுதல், பெருக்கல்பலன்’ என்று சூத்திரமாக மனப்பாடம் செய்கிறோமே, அது இந்த வேலிதான். நடுவில் உள்ள 50 க்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், கூடுதல் எழுதும்போது குறியை மாற்றிக்கொள்கிறோம். ப² க்கு முன்னால் வேறு எண் இருந்தால் முதலில் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு தரகர் வருகிறார். “அண்ணே, சுற்றி 100 அடிதான், உள்ளே 700 சதுர அடி இருக்கு” என்கிறார். செவ்வக மனை. வாங்கலாமா? ப² − 50ப + 700. எதைப் போட்டாலும் பூச்சியம் வராது. 20 போட்டால் 100 மிச்சம். 25 போட்டால் 75 மிச்சம். 30 போட்டால் மறுபடி 100. மிகவும் கீழே இறங்குகிற இடம் 25 தான், அங்கேயும் 75 நிற்கிறது. அப்படி ஒரு செவ்வகம் கிடையாது. தரகர் சொல்வது உண்மை இல்லை என்று டேப் பிடிக்காமலேயே சொல்லிவிடலாம். 100 அடி வேலிக்குள் அதிகபட்சம் 25 × 25, அதாவது 625 சதுர அடிதான். சரியாக 625 கேட்டால் பூச்சியம் ஒன்றுதான் வரும், 25. நீளமும் அகலமும் ஒன்றாகிவிட்டன. புத்தகம் இதை ‘சமமான மெய் மூலங்கள்’ என்கிறது.

பத்தாம் வகுப்பில் ‘தன்மைக்காட்டி’ என்று ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களே, அது மிகையா, பூச்சியமா, குறையா என்று பார்ப்பது இதற்குத்தான். மிகை என்றால் வேலி போடலாம், இரண்டு விடை. பூச்சியம் என்றால் சதுரம், ஒரே விடை. குறை என்றால் தரகரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். 700 க்கான தன்மைக்காட்டி 2500 − 2800 = −300.

சரி, 20, 30 என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? இங்கேதான் பக்தாதுக்குப் போக வேண்டும்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் இருந்தவர். மஃமூனின் ஆட்சி 813 முதல் 833 வரை. அந்தக் காலத்தில் அவர் எழுதிய நூலின் பெயரில் ‘அல்ஜப்ர் வல் முகாபலா’ என்று வருகிறது. அந்த ஜப்ர்தான் ஐரோப்பாவுக்குப் போய் அல்ஜீப்ரா ஆனது. அவருடைய பெயரே லத்தீனில் திரிந்து இன்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் அல்காரிதம் ஆனது. ஜப்ர் என்றால் சரிசெய்தல். ஒரு பக்கம் கழிந்து நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி நிறைவு செய்வது. முகாபலா என்றால் எதிரெதிரே வைத்து நேர் செய்வது. இரண்டு பக்கமும் உள்ள ஒரே இனத்தை அடித்துவிடுவது. நாம் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மந்திரம்போல் சொல்கிறோமே, அதன் உண்மையான பெயர்கள் இவை. எனக்குக் கேட்டால், ‘குறி மாறும்’ என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு ‘இரண்டு பக்கமும் கூட்டு’ என்று சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

அந்த நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார், இது எதற்கு என்று: வாரிசுரிமை, மரண சாசனம், பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல். நூலின் பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகள்தான். ஆக ‘இந்த அல்ஜீப்ரா வாழ்க்கையில் எங்கே சார் வரப்போகிறது’ என்ற கேள்விக்கு அது பிறந்த வீட்டிலேயே பதில் இருக்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு இது: ஒரு சதுரமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்து 39. நம் எழுத்தில் ப² + 10ப = 39. அவர் சூத்திரம் எழுதவில்லை, குறியீடும் எழுதவில்லை, முழுவதும் வாக்கியமாகவே எழுதினார். பத்தில் பாதி ஐந்து. ஐந்தின் வர்க்கம் 25. அதை 39 உடன் கூட்டு, 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து அந்த ஐந்தைக் கழி. விடை 3.

ஏன் இப்படி? அவர் படம் போட்டுக் காட்டினார். பலகையைப் பாருங்கள். பக்கம் ப உள்ள ஒரு சதுரம். அதன் வலப்பக்கம் 5 அடி அகலத்தில் ஒரு பட்டை, கீழ்ப்பக்கம் 5 அடி அகலத்தில் ஒரு பட்டை. இரண்டு பட்டையும் சேர்ந்து 10ப. மூன்றும் சேர்ந்து 39. மூலையில் மட்டும் ஒரு பொத்தல் இருக்கிறது. அந்தப் பொத்தல் 5 க்கு 5, அதாவது 25. அதை அடைத்தால் முழுச் சதுரம், பரப்பு 64, பக்கம் 8. அதில் 5 பட்டைக்குப் போக மிச்சம் 3. ‘வர்க்கப் பூர்த்தி’ என்று பயமுறுத்துகிற பாடம் இந்தப் பொத்தலை அடைக்கிற வேலைதான். தாய்மார்கள் துணியில் மூலை விட்டுப்போனால் ஒட்டுப் போடுவது போல.

நம் வேலிக்கும் இதையே செய்யலாம். 50 இல் பாதி 25. வர்க்கம் 625. அதில் 600 ஐக் கழித்தால் 25. மூலம் 5. 25 இல் 5 ஐக் கூட்டினால் 30, கழித்தால் 20. இந்த வகைக் கணக்குக்கு இரண்டு விடை உண்டு என்பதையும் அல்குவாரிஸ்மி எழுதியிருக்கிறார். பாதியின் வர்க்கம் அந்த எண்ணைவிடக் குறைந்துவிட்டால் கணக்கே இல்லை, சமமாகிவிட்டால் மூலம் அந்தப் பாதியேதான் என்பதையும் எழுதியிருக்கிறார். நம் தரகர் கதை அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப² + 10ப − 39 இன் பூச்சியம் 3 மட்டுமல்ல. −13 ஐப் போட்டுப் பாருங்கள்: 169 − 130 − 39 = 0. இதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சதுரத்தின் பக்கம் −13 அடி என்று இருக்க முடியாதே. நிலம் அளக்கிறவருக்கு அது வேண்டாத விடை. இன்றைய பரீட்சையில் ‘கோவையின் பூச்சியங்களைக் காண்க’ என்று கேட்டால் இரண்டையும் எழுத வேண்டும். ‘நிலத்தின் பக்கத்தைக் காண்க’ என்று கேட்டால் 3 ஐ மட்டும் எழுதி, −13 ஏன் பொருந்தாது என்று ஒரு வரி எழுத வேண்டும். கேள்வியைக் கடைசி வரை படிக்காமல் மார்க்கை விடுகிற பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளவும்.

இன்னொரு செய்தி. அல்குவாரிஸ்மி எங்கும் ‘= 0’ என்று முடிக்கவில்லை. இந்திய எண்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியவர் அவர், பூச்சியத்தை அறிந்தவர். அரபியில் ஸிஃப்ர் என்றால் வெறுமை. அதுதான் ஆங்கிலத்தில் ஒரு வழியில் ஸீரோவாகவும் இன்னொரு வழியில் சைஃபராகவும் ஆனது. நம் வீட்டுப் பெரியவர்கள் “அவனுக்குக் கணக்கில் சைபர்” என்று திட்டும்போது சொல்வது அந்தச் சொல்தான். இருந்தாலும் சமன்பாடு எழுதும்போது அவர் இரண்டு பக்கமும் கூட்டல் எண்களாகவே வைத்துக்கொண்டார். அதனால் அவருக்கு ஆறு வகைச் சமன்பாடுகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழியும் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் பூச்சியத்தை மட்டும் உட்கார வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் 17 ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

அப்படி எழுதுவதில் என்ன லாபம்? மாணவர்களே, இந்த இடத்தை மட்டும் தூங்காமல் கேளுங்கள்.

இரண்டு எண்களைப் பெருக்கினால் பூச்சியம் வருகிறது என்றால், அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். இந்தக் குணம் வேறு எந்த எண்ணுக்கும் கிடையாது. பெருக்கினால் 6 வருகிறது என்றால் இரண்டும் மூன்றுமா, ஒன்றும் ஆறுமா, பன்னிரண்டும் அரையுமா, யாருக்குத் தெரியும்? பெருக்கினால் பூச்சியம் என்றால் மட்டும்தான் ஆளைப் பிடிக்கலாம்.

அதனால்தான் (ப − 20)(ப − 30) = 0 என்று எழுதியவுடன் ப = 20 அல்லது ப = 30 என்று தைரியமாகச் சொல்கிறோம். ஆனால் விடைத்தாள்களில் என்ன பார்க்கிறேன் தெரியுமா? (ப − 2)(ப − 3) = 6 என்று ஒரு கணக்கு. பிள்ளை உடனே ப − 2 = 6, ப − 3 = 6 என்று போட்டு 8, 9 என்று எழுதுகிறது. 8 ஐப் போட்டால் 6 × 5 = 30. எங்கே 6? விரித்து எழுதினால் ப² − 5ப + 6 = 6, அதாவது ப² − 5ப = 0. ப வைப் பொதுவாக வெளியே எடுத்தால் ப(ப − 5) = 0. விடை 0, 5. 5 ஐப் போட்டால் 3 × 2 = 6. 0 ஐப் போட்டால் (−2) × (−3) = 6. சரி.

இதே கணக்கில் இன்னொரு பள்ளம். ப² = 5ப என்று வந்ததும் இரண்டு பக்கமும் ப ஆல் வகுத்து ப = 5 என்று முடித்துவிடுகிறார்கள். பூச்சியம் என்ற விடை காணாமல் போய்விட்டது. கிரிக்கெட் பந்தை நேராக மேலே அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகம். காற்றின் தடையை விட்டுவிட்டு, ஈர்ப்பை 10 என்று எடுத்தால், ந நொடியில் பந்தின் உயரம் 20ந − 5ந². இது எப்போது பூச்சியம்? 5ந(4 − ந) = 0. ந = 0, ந = 4. நான்காவது நொடி பந்து தரைக்கு வந்த நேரம். பூச்சியம் நொடி நீங்கள் அடித்த நேரம். ந ஆல் வகுத்துவிட்டால் பந்து வந்து விழுகிறது, ஆனால் யாரும் அடிக்கவில்லை! இரண்டுக்கும் நடுவே, இரண்டாவது நொடியில், பந்து உச்சியில் இருக்கிறது: 40 − 20 = 20 மீட்டர்.

இதைக் கிராஃப் தாளில் போட்டால் வளைந்து எழுந்து விழுகிற கோடு வரும், பரவளையம். அது படுக்கை அச்சை வெட்டுகிற இடங்கள் 0, 4. கோவையின் பூச்சியங்கள் என்றால் வரைபடம் படுக்கை அச்சைத் தொடுகிற இடங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு வரைபடம் வருகிறது. இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு விடை. ஓர் இடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பினால் சமமான விடை. தொடாமலே போனால் மெய் மூலம் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அட்டவணையில் ஓர் எண் தப்பாகிவிட்டாலும் படத்தைப் பார்த்ததும் ‘எங்கேயோ இடிக்கிறது’ என்று தெரிந்துவிடும்.

முப்படிக்கு வருவோம். ப³ − 4ப² − 7ப + 10. பூச்சியங்களைக் காண்க. எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் கெழுக்களைக் கூட்டுங்கள்: 1 − 4 − 7 + 10 = 0. கூடுதல் பூச்சியம் என்றால் 1 ஒரு பூச்சியம். ஏனென்றால் ப வுக்கு 1 ஐப் போடுவதும் கெழுக்களைக் கூட்டுவதும் ஒன்றுதான். அது வராவிட்டால்? கடைசி எண்ணான 10 ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை மட்டும் முயன்றால் போதும்: 1, 2, 5, 10, அவற்றின் குறை எண்கள். ஏன் 3 ஐ முயல வேண்டாம்? கோவை பூச்சியம் என்றால், 10 ஐ அந்தப் பக்கம் நிறுத்தி, மீதியில் ப வைப் பொதுவாக வெளியே எடுங்கள்: ப(ப² − 4ப − 7) = −10. ப முழு எண் என்றால் அடைப்புக்குள் இருப்பதும் முழு எண். இரண்டு முழு எண்கள் பெருகி −10 ஆகின்றன. அப்படியானால் ப, 10 ஐ வகுத்தாக வேண்டும். 3 க்கு அந்த யோக்கியதை இல்லை. கெழுக்கள் முழு எண்களாக இருக்கும் வரை இந்த வழி செல்லும்.

1 பூச்சியம் என்பதால் (ப − 1) ஒரு காரணி. தொகுமுறை வகுத்தலில் வகுத்தால் ப² − 3ப − 10. அது (ப − 5)(ப + 2). ஆகப் பூச்சியங்கள் 1, 5, −2. கடைசியில் (ப + 2) என்று இருப்பதைப் பார்த்து 2 என்று எழுதிவிடாதீர்கள். 2 ஐப் போட்டால் 8 − 16 − 14 + 10 = −12. பூச்சியம் இல்லை. அந்த −12 க்கும் ஒரு அர்த்தம் உண்டு. கோவையை (ப − 2) ஆல் வகுத்தால் வருகிற மீதி அது. மீதித் தேற்றம் சொல்வது இதைத்தான். கோவை = (ப − 2) × ஈவு + மீதி. ப வுக்கு 2 ஐப் போட்டால் முதல் பகுதி அடிபட்டுப் போகிறது, மீதி மட்டும் நிற்கிறது. கடையில் ‘பாக்கி’ என்கிறோமே, அதுவும் அரபிச் சொல்தான், மிச்சம் என்று பொருள். பாக்கி பூச்சியம் என்றால் அது காரணி.

எல்லா முப்படியும் இப்படிச் சுலபமாக உடையாது. நிஷாப்பூரில் பிறந்த உமர் கய்யாமை (1048 – 1131) ருபாயத்துக்காக உலகம் தெரிந்துவைத்திருக்கிறது. அவர் முப்படிச் சமன்பாடுகளை வகை பிரித்து, பரவளையம், வட்டம் போன்ற வளைகோடுகளை ஒன்றோடொன்று வெட்டவிட்டு, வெட்டும் இடத்தில் விடையைக் காட்டினார். எண் கணக்காகச் சூத்திரம் தனக்குக் கிட்டவில்லை, பின்னால் வருகிறவர்களுக்குக் கிட்டலாம் என்று எழுதியும் வைத்தார். அது இத்தாலியில் 16 ஆம் நூற்றாண்டில் கிட்டியது. 1545 இல் கார்டானோ அச்சிட்டார். ஐந்தாம் படிக்கு அப்படி ஒரு பொதுச் சூத்திரமே கிடையாது என்று நார்வேயின் ஆபெல் 1824 இல் நிறுவினார். பூச்சியங்கள் இருக்கும், சூத்திரம்தான் இருக்காது.

கய்யாமுக்குப் பின் ஷரஃபுத்தீன் அத்தூஸி என்று ஒருவர், 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. இவரை வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் செய்ததை ஒரு அல்வாப் பெட்டியை வைத்துச் சொல்கிறேன். பெட்டியின் அடி சதுரம். அடிப் பக்கமும் உயரமும் சேர்ந்து 12 அங்குலம். கொள்ளளவு ப²(12 − ப). இத்தனை கன அங்குலம் வேண்டும் என்றால் பெட்டி செய்ய முடியுமா? தூஸி, முதலில் இது அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பார்த்தார். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு பக்கமாக இருக்கும்போது உச்சம். நம் பெட்டிக்கு அடி 8, உயரம் 4, கொள்ளளவு 64 × 4 = 256. அதற்கு மேல் கேட்டால் பெட்டி இல்லை. சரியாக 256 என்றால் ஒரே பெட்டி. அதற்குக் கீழே என்றால் இரண்டு விதமான பெட்டி, ஒன்று தட்டையாக, ஒன்று உயரமாக. வேலிக் கணக்கில் 625 பார்த்தோமே, அதே கதை ஒரு படி மேலே. விடையைத் தேடுவதற்கு முன் விடை இருக்கிறதா என்று பார்க்கிற அந்த எண்ணம்தான் எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தது.

இப்போது பெற்றோர்களிடம். அத்தாமார்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் மார்க்கை மட்டும் கேட்கிறார்கள். இங்கே இருக்கிற தாய்மார்கள், “எங்களுக்கு என்ன சார் தெரியும், நாங்கள் எட்டாவதோடு நின்றவர்கள்” என்கிறார்கள். பூச்சியம் கண்டுபிடிக்கத்தான் பாடம் தெரிய வேண்டும். சரிபார்க்கக் கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும். பிள்ளை ‘விடை 5’ என்றால், “எங்கே, ப இருக்கிற இடத்தில் எல்லாம் 5 ஐப் போட்டுக் காட்டு” என்று கேளுங்கள். 125 − 100 − 35 + 10. கூட்டுங்கள், பூச்சியம். மளிகைச் சீட்டைச் சரிபார்க்கிற அதே வேலை. விடைப் பக்கத்தைத் திருப்பாமலும் ட்யூஷன் சாரைக் கேட்காமலும் தன் விடை சரியா தப்பா என்று பிள்ளைக்கே தெரிகிற பாடங்களில் இது ஒன்று. பரீட்சை அறையிலும் அரை நிமிடத்தில் செய்யலாம்.

பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. இந்த வகுப்பில் கேள்வி கேட்பவர்களில் மாணவிகள்தான் அதிகம். குரூப் எடுக்கும் நாளில் ‘கணக்கு கஷ்டம், வேறு ஏதாவது எடு’ என்று வீட்டில் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளையிடம் இந்த வேலிக் கணக்கை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்கினால், கஷ்டம் என்று முடிவு செய்தது நாம், அவள் அல்ல.

முடிப்பதற்குள் ஒரு மாணவி கை தூக்கினாள். 700 சதுர அடிக் கணக்குக்கு உண்மையிலேயே பூச்சியம் கிடையாதா, அல்லது நமக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறாள். மெய்யெண்களில் கிடையாது, உறுதியாக. −300 இன் வர்க்கமூலத்துக்கு இடம் கொடுக்கும் வேறு ஓர் எண் உலகம் இருக்கிறது, கலப்பெண்கள் என்று பெயர். கணக்கு உள்ள குரூப் எடுத்தால் மேல்நிலையில் பார்ப்பாய். அங்கே எந்தக் கோவைக்கும் அதன் படி எத்தனையோ அத்தனை பூச்சியங்கள் உண்டு. 1799 இல் கௌஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்கொண்ட விஷயமே அதுதான். ஆனால் அந்தப் பூச்சியங்களை வைத்து வேலி போட முடியாது.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் இதைச் செய்துகொண்டு வர வேண்டும்: ப³ − 2ப² − 5ப + 6. மூன்று பூச்சியங்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, சரிபார்த்த தாளில் வீட்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வரவும். கையெழுத்துப் போடுகிறவர் தாமும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுப் போடவும்.